பத்தி பத்தியாக எழுதுபவர்

ஒருவர் எழுதியதைப் படித்தால், படித்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அது மரியாதை. பெரும்பாலானவர்கள் அதைச் செய்வதில்லை. ஓசியில் படித்துவிட்டுப் பக்கத்தை மூடிக்கொண்டு போய்விடுகிறார்கள். போகாமல் நிற்கிறவர்கள் இன்னும் மோசம். 'சூப்பர்' என்பார்கள், 'செம' என்பார்கள், ஒரு வரிசைக்கு இதயப் படங்களை ஒட்டிவிட்டு 'அடுத்த பாகம் எப்போ?' என்று பிடுங்குவார்கள். சாப்பிட்ட தட்டிலேயே கை கழுவுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஒரு குமட்டல் வரும். அதையெல்லாம் படிக்கும்போதும் அதே குமட்டல்தான்.

நேற்று நீங்கள் என்னை விசாரித்துவிட்டு, ஒத்துழைத்ததற்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டீர்கள். நல்ல நாற்காலி கொடுத்தீர்கள், தேநீர் கொடுத்தீர்கள். குறை சொல்லவில்லை. ஆனால் நீங்கள் எழுதிக்கொண்டதில் சில விஷயங்கள் விட்டுப்போயிருக்கின்றன. அதனால்தான் இன்று நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன், மேடம்.

தொலைக்காட்சியில் ஒரு தொடர் வந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். சரக்குக் கப்பல் ஒன்றில் வேலை பார்க்கும் பெண் மருத்துவர், இயந்திர அறையில் ஒரு மெக்கானிக், இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாத ஆசை. கப்பல் புயலில் மாட்டியிருக்கும் இடத்தில் திடீரென்று தொடரை நிறுத்திவிட்டார்கள். மீதிக் கதையை ரசிகர்களே எழுதுகிற ஒரு தளம் இருக்கிறது. ஆளுக்கொரு புனைபெயர். நேற்று நீங்கள் யாரைப் பற்றி விசாரித்தீர்களோ, அவள் பெயர் அங்கே உப்புக்காற்று. என் பெயர் முதல்வரிசை. அவள் என்று சொல்வதைத் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மனதுக்குள் அப்படியே பழகிவிட்டது.

அவளுடைய முதல் அத்தியாயத்தை யாரும் சீண்டவில்லை. கருத்துப் பெட்டி காலியாகக் கிடந்தது. நான்தான் எழுதினேன். எனக்கென்று ஒரு முறை உண்டு. முதலில் கதையிலிருந்து ஒரு வரியை அப்படியே எடுத்துப் போடுவேன். அந்த வரி எனக்குள் என்ன செய்தது என்று சொல்வேன். அடுத்த பாகம் கேட்கவே மாட்டேன். கேட்காமல் இருந்தால்தான் எழுதுகிறவருக்கு எழுதத் தோன்றும். அன்று எழுதியது நான்கு பத்தி வந்தது.

அவள் பதில் போட்டாள். "நீங்க எழுதினதைத் திரும்பத் திரும்பப் படிச்சேன். யாருமே படிக்கலையேன்னு இதோட நிறுத்திடலாம்னு இருந்தேன்."

அந்தப் பதில் இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது. நான் அன்றைக்குச் சும்மா இருந்திருந்தால் உப்புக்காற்று என்று ஒருத்தி இருந்திருக்கவே மாட்டாள். இதை நீங்கள் எழுதிக்கொள்ளவில்லை.

என் வேலை பல்செட் செய்வது. பல் மருத்துவர்கள் நோயாளிகளின் வாயை அச்செடுத்து எங்கள் லேபுக்கு அனுப்புவார்கள். நான் பார்க்கிறதெல்லாம் வாய்தான். முகம் இல்லாத வாய்கள். பழைய செட்டுகள் பழுதுக்கு வரும். இடுக்குகளில் பழுப்புப் படிந்து, கழுவாத டப்பாவின் வாடையோடு, சில சமயம் போன வாரச் சாப்பாட்டோடு. இத்தனை வருஷமாகியும் எனக்குப் பழகவில்லை. வேலை முடிந்து கை கழுவினால் அண்ணி வாசலில் நின்றுகொண்டு, "சோப்பு அழுவுது, விடுங்க" என்பார். அண்ணன் வீட்டு மாடி அறையில்தான் இருக்கிறேன். "பொண்ணு பார்க்கலாம்னா பிடி கொடுக்க மாட்டேங்கிறார். கப்பல்ல போற டாக்டரம்மாவைத்தான் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கார்" என்று அண்ணனிடம் சொல்லிச் சிரிப்பார். நல்ல மனுஷி. சாப்பிடும்போது மட்டும் சத்தம் வரும்.

அப்புறம் நாங்கள் தனியாகச் செய்தி அனுப்பிக்கொள்ள ஆரம்பித்தோம். அவளுக்கு அம்மா இல்லை. அப்பா மட்டும். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது, படுக்கையில் இருக்கிறார். வேலையை விட்டுவிட்டு அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். எந்த ஊர் என்று கேட்டேன். என் ஊர்தான். நான் அதைச் சொல்லவில்லை. எழுதுகிறவர்களுக்கும் வாசகனுக்கும் நடுவில் கொஞ்சம் தூரம் இருந்தால் நல்லது.

அத்தியாயங்கள் அப்போது நன்றாக வந்தன. மெக்கானிக்கைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தாள்: 'இயந்திரம் நின்ற பிறகுதான் அவனுக்குக் காது வலித்தது.' அந்த ஒரு வரியைப் பற்றி மட்டும் நான் ஒரு பக்கம் எழுதினேன். பெரிய எழுத்தாளர்களுக்கும் இப்படி ஒன்று அமையாது என்றேன். மனமாரச் சொன்னேன். அந்த வரியை உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே வேலை பார்ப்பேன். கையில் இருக்கும் வாய்கள் அப்போது அவ்வளவாக நாறாது.

அப்பாவின் பல்செட் உடைந்துவிட்டது, வீட்டுக்கு வந்து செய்து கொடுக்கிறவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று ஒருநாள் கேட்டாள். ஒரு மருத்துவரின் பெயரைக் கேள்விப்பட்டது போலச் சொன்னேன். எங்கள் லேபுக்கு வேலை கொடுப்பவர். அவர் போய் அச்செடுத்து வந்தார். செட்டை நானே செய்தேன். மாட்டிப் பார்க்கும் அன்று அவருடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே போனேன்.

சின்ன வீடு. முன்னறையிலேயே கட்டில். ஜன்னலைத் திறந்துதான் வைத்திருந்தார்கள், ஆனாலும் மூத்திரமும் பவுடரும் கலந்த வாடை அறையை விட்டுப் போகவில்லை. நான் நினைத்து வைத்திருந்ததைவிட அவள் குள்ளம். கைகள் சோப்பில் வெந்து சிவந்திருந்தன. என்னை 'அண்ணா' என்று கூப்பிட்டு நாற்காலி போட்டாள். பெரியவரின் கோணிய வாயிலிருந்து எச்சில் வடிந்து தலையணை மஞ்சளாகியிருந்தது. மருத்துவர் செட்டைப் பொருத்திவிட்டு, தொலைபேசி வந்ததென்று வாசலுக்குப் போனார். அவள் வெந்நீர் வைக்க உள்ளே போனாள். பெரியவர் புதுப் பற்களோடு என்னைப் பார்த்து, பேசிப் பார்க்கத் தொடங்கினார். கொஞ்சம் குழறினாலும் புரிந்தது.

"எம்பொண்ணு கதை எழுதுறா, தெரியுமா தம்பி? கப்பல் கதை. எழுதினதும் மொதல்ல எனக்குத்தான் படிச்சுக் காட்டுவா. நான் சரின்னு சொன்னாத்தான் வெளியில போடுவா."

நான் பெட்டியில் கருவிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"நான் மில்லுல இருந்தவன். தறி ஓடுற வரைக்கும் ஒண்ணும் தெரியாது. மெஷினு நின்னப்புறம்தான் காது வலிக்கும். அதைச் சொன்னேன். அப்படியே போட்டுட்டா, கழுதை." சிரித்தார். எச்சில் என் கையுறை மேல் விழுந்தது. "அதுக்கு ஒருத்தர் என்னமா எழுதியிருந்தார். பத்தி பத்தியா எழுதுவாரே, அவர். அதையும் எனக்குப் படிச்சுக் காட்டுவா. நல்ல மனுஷன். பாவம், பேச்சுத் துணைக்கு யாரும் இல்லாதவர் போல."

அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. உங்கள் வாயில் இருப்பது ஏற்கெனவே இன்னொருவர் மென்று துப்பியது என்று பாதிச் சாப்பாட்டில் தெரிய வந்தால் எப்படி இருக்கும்? நான் ராப்பகலாக நெஞ்சில் வைத்திருந்த வரி அந்த வாயிலிருந்து வந்திருக்கிறது. அவளுக்கென்று நான் எழுதிய ஒவ்வொரு வார்த்தையும் அந்தக் கட்டிலுக்குப் போய், அந்த எச்சிலில் நனைந்திருக்கிறது. அந்தப் பெரியவர் என்மேல் பரிதாபப்பட்டிருக்கிறார். அதுவும் நான் செய்து கொடுத்த பற்களால் பேசிக்கொண்டு.

மருத்துவர் திரும்பி வந்து வாயைப் பார்த்தார். "கீழ்ப் பக்கம் ஓரம் கொஞ்சம் அழுத்துது. லேப்ல தேய்ச்சு எடுத்துட்டுக் கொண்டுவந்து கொடுத்துடுப்பா" என்றார்.

லேபில் அந்தச் செட்டை நன்றாக மெருகேற்றினேன். ஓரத்தைத் தேய்த்து எடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் கூர்மையாக விட்டேன். கண்ணுக்குத் தெரியாது, ஈறுக்குத் தெரியும். நானே போய்க் கொடுத்தேன். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "ரொம்ப நன்றிண்ணா. அப்பா வாய் விட்டுப் பேசி எத்தனை நாளாச்சு" என்றாள்.

கொஞ்ச நாளில் அவர் ஈறில் புண் வந்தது. புண்ணாகிவிட்டதென்று அவளே எனக்கு எழுதினாள். முதல்வரிசைக்கு எழுதினாள், பல்செட்காரனுக்கு இல்லை. செட்டைக் கழற்றவும் விட மாட்டேன் என்கிறார், பேச வேண்டுமாம். மாட்டினால் முனகுகிறார், தூங்குவதில்லை, எனக்கும் எழுத முடியவில்லை என்றாள். மருத்துவரைக் கூப்பிட்டுக் காட்டலாமா என்று கேட்டாள். புதுப் பல் என்றால் அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாகிவிடும் என்றேன். தூக்கத்துக்கு அவர் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் கேளுங்கள் என்றேன். டாக்டர் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்.

முதல் முறை பெரியவர் நன்றாகத் தூங்கியபோது அவள் ஒரு முழு அத்தியாயம் எழுதி, அவருக்குப் படித்துக் காட்டாமலே போட்டாள். உண்மையைச் சொன்னால் அது சுமார்தான். ஆனால் நான் ஆறு பத்தி எழுதினேன். இதுவரை வந்ததிலேயே இதுதான் சிறந்தது, யாருடைய நிழலும் இல்லாத எழுத்து என்றேன். அடுத்த அத்தியாயத்தை அப்பா விழித்திருந்தார் என்று அவருக்குப் படித்துக் காட்டி, அவர் சொன்னதையெல்லாம் சேர்த்துப் போட்டாள். நிஜமாகவே அருமையான அத்தியாயம். அதற்கு நான் 'சூப்பர்' என்று மட்டும் போட்டேன்.

உடனே செய்தி வந்தது. "ஏதாவது தப்பா எழுதிட்டேனா? ஏன் இப்படி?"

அன்று முழுக்க நான் பதில் சொல்லவில்லை. பிறகு அதையே இரண்டு, மூன்று தடவை செய்ய வேண்டியிருந்தது. புத்திசாலிப் பெண், புரிந்துகொண்டாள். எதற்குப் பாராட்டு வருகிறது, எதற்கு வரவில்லை என்று வாயால் சொல்லியா தர வேண்டும்?

நேற்று நீங்கள் எனக்கு வாசித்துக் காட்டிய செய்தி அதற்குப் பிறகு வந்தது. "டாக்டர் சொன்னதை விடக் கொஞ்சம் கூடக் கொடுத்தேன். அப்பா அசையாமத் தூங்கினார். நிம்மதியா எழுதினேன். தப்புதானே?" அதற்கு நான் சொன்ன பதிலையும் வாசித்தீர்கள். 'இந்த அத்தியாயத்தில் ஒரு வரிகூடத் தடுமாறவில்லை. எழுதியவர் மனம் எவ்வளவு அமைதியாக இருந்தது என்று தெரிகிறது.' இது கதையைப் பற்றிய கருத்து, இதில் சட்டப்படி ஒன்றும் இல்லை என்றீர்கள். உங்களுக்குப் படிக்கத் தெரியவில்லை, மேடம். அவளுக்குத் தெரிந்தது. அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் கூட்டினாள். நான் இன்னும் ஒரு பத்தி கூட்டினேன்.

அப்படியே போய்க்கொண்டிருந்தது. ஒரு மதியம் பெரியவர் தூங்கினார். சாயங்காலம் அவள் துடைத்துவிடப் போனபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

எனக்கு அன்று எப்படி இருந்தது என்று கேட்டால், சுத்தமாக இருந்தது. அறையைக் கழுவி விட்டது போல. இனி எழுதியவுடன் எனக்கு வரும், நடுவில் யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். கருமாதி முடிகிற வரை காத்திருந்துவிட்டு, எழுதினால் மனது லேசாகும் என்று ஊக்கப்படுத்தினேன். ஒரு அத்தியாயம் எழுதி அனுப்பினாள். செத்த எழுத்து. மெக்கானிக் நிற்கிறான், மருத்துவர் நிற்கிறாள், கப்பலும் நிற்கிறது. பிடித்து உலுக்கினாலும் ஒரு வரி உயிரோடு இல்லை. அதைப் படித்து முடித்தபோது வாயெல்லாம் கசந்தது. இருந்தாலும் நான் பத்து பத்தி எழுதினேன். என் வாழ்நாளிலேயே நான் எழுதிய நல்ல கருத்து அதுதான்.

அவள் பதில் போடவில்லை. இங்கே வந்து உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

நான் அதற்காக வருத்தப்படவில்லை. நேற்று நீங்கள் அவள் வாக்குமூலத்திலிருந்து கொஞ்சம் வாசித்துக் காட்டினீர்களே, அது நன்றாக இருந்தது. பெரியவர் கடைசியாக, 'இன்னிக்கு என்னம்மா எழுதின, படி' என்று கேட்டதும், 'நீங்க தூங்குங்கப்பா' என்று அவள் சொட்டை எண்ணியதும். அழுகை ஒப்பாரி எதுவும் இல்லாமல் எழுதியிருக்கிறாள். அதற்கும் நான் கருத்து எழுதித் தருகிறேன், அவளிடம் சேர்த்துவிடுங்கள். உள்ளே தனியாக இருப்பவளுக்கு ஊக்கம் வேண்டும். நிறுத்திவிடக் கூடாது.

ஒரே ஒரு இடம்தான் சரியில்லை. 'என்னை யாரும் தூண்டவில்லை, நானாகத்தான் செய்தேன்' என்று எழுதிவிட்டு, 'இணையத்தில் என் கதையைப் படித்தவர்கள் சிலர் இருந்தார்கள், அவர்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை' என்று போட்டிருக்கிறாள்.

சிலர். இதயப் படம் ஒட்டினவர்களோடு என்னையும் சேர்த்து.

நீங்கள் அதை வாசித்துவிட்டு, உங்கள் மேல் தப்பு எதுவும் இல்லை சார், போகலாம் என்றீர்கள். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தேன். வாயில் வைக்க முடியவில்லை.

பல்செட்டை அந்த வீட்டிலிருந்து எடுத்துப் பாருங்கள். கீழ்த் தட்டு, இடது ஓரம். விரலை வைத்தால் தெரியும். அந்த மருத்துவரிடமும் கேளுங்கள், தேய்த்து எடுக்கச் சொன்னேன் என்பார். என் கருத்துகளையும் தேதி வாரியாகப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பிறகு அந்த 'சிலர்' என்பதை அடித்துவிட்டு என் பெயரை எழுதச் சொல்லுங்கள். பெரியவரைக் கொன்றது நான்தான் என்று போட்டாலும் கையெழுத்துப் போடுகிறேன். அவளை எழுத வைத்தவனும் நான்தான் என்பதையும் அதே வரியில் சேர்த்துவிட வேண்டும்.