பாறைமேல் நின்றவன்

எனக்குச் சினிமா பிடிக்கும். நைரோபி ரயில் சரக்குக் கொட்டகையில் மூட்டை தூக்கிய காலத்தில், சனிக்கிழமைப் பகல் காட்சி என்றால் முதுகுவலிகூட மறந்துபோகும். ஒரே படத்தை ஒன்பது தடவை பார்த்தேன். என் நண்பன் கியோகோ அதில் இருக்கிறான், அவனைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவேன்.

ஊர்ப் பெரியவர்களே, அந்தக் கியோகோவைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஐம்பது வயதுக்கு மேல் எழுத்துப் படித்தவன் நான். கோணல் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வறட்சி வருடம் கலானா ஆற்றில் வெள்ளைக்காரர்கள் படம் எடுக்க வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். நம் ஊரிலிருந்து முப்பது பேர் சுமைகூலிகளாகப் போனோம். படத்திலும் எங்களுக்குச் சுமைகூலி வேடம்தான். துரை துப்பாக்கியோடு முன்னால் போவார், நாங்கள் பெட்டிகளோடு பின்னால் ஆறு கடப்போம். வெறும் பெட்டி சுமந்தால் நடையில் பாரம் தெரியவில்லை என்று மணல் நிரப்பினார்கள். அந்தக் காட்சியில் ஒரு சுமைகூலியை முதலை பிடிக்கவேண்டும். அதற்கு மரத்தில் செய்த முதலை ஒன்று கயிற்றில் கட்டிக் கிடந்தது. முதலை பிடிக்கிறவனின் முகம் திரை முழுக்க வரும் என்றார் மேஸ்திரி. முதலில் என்னைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். மூன்று நாள் அலறிப் பழகினேன்.

நான்காம் நாள் கியோகோ எதற்கோ சிரித்தான். நம் வழக்கப்படி அவனுக்கு முன்பற்களை ஊசியாகச் சீவியிருந்தார்கள். என் அம்மா மிஷன் கோயிலுக்குப் போனவள், என் பல்லில் உளி பட விடவில்லை. படம் எடுப்பவர் கியோகோவின் தாடையைப் பிடித்து வெயிலுக்குத் திருப்பிப் பார்த்தார். வேடம் கைமாறியது.

"டேய் முன்யாவோ, உனக்கு இருக்கிறது மாட்டுப் பல்லுடா," என்றான் கியோகோ, சோளமும் அவரையும் வாய் நிறைய வைத்துக்கொண்டு. "நீ அலறினா முதலை கடிக்காது. பால் கறக்கச் செம்பெடுத்துக்கிட்டு வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் இல்லை.

எனக்கு ஆற்றின் நடுவில் இருந்த கரும்பாறைமேல் வேலை கொடுத்தார்கள். நிஜ முதலை வந்தால் எண்ணெய்த் தகரத்தைக் கம்பால் தட்டவேண்டும். சத்தம் கேட்டதும் எல்லோரும் பெட்டியைப் போட்டுவிட்டுக் கரையேறவேண்டும். முதல் நாளே தட்டினேன். மிதந்து வந்தது மரக்கட்டை. பெட்டிகளைத் தேடி எடுத்து, மணல் நிரப்பி, மறுபடி கடக்க வைத்தார்கள்.

"யாருடா வந்தது, உன் மாமியாரா?" என்று மேஸ்திரி கரையிலிருந்து கத்தினார்.

"நாளைக்கு வாத்து வரும், அதுக்கும் தட்டுங்கண்ணே," என்றான் கியோகோ. அவன் என்னைவிட இரண்டு மாதம் மூத்தவன்.

மறுநாள் உச்சிவெயிலுக்குள் ஏழு தடவை கடந்துவிட்டார்கள். எல்லோருக்கும் கால் நடுங்கியது. எட்டாவது தடவை தண்ணீரில் ஒன்று தெரிந்தது. கட்டை மாதிரித்தான் இருந்தது. தட்டினால் பாவம், இன்னொரு தடவை கடக்கவேண்டுமே என்று இரக்கப்பட்டுத்தான் தட்டவில்லை. பல வருடம் எனக்கு நானே இப்படித்தான் சொல்லிவந்தேன்.

ஆனால் கட்டை நீரோட்டத்தை எதிர்த்து வராது. இது எதிர்த்து வந்தது. நான் கம்பை ஓங்கினேன். ஓங்கிய கையை அப்படியே வைத்திருந்தேன். பதினைந்து மூச்சு விட்டிருப்பேன். தகரம் தட்ட ஒரு மூச்சு போதும்.

கியோகோ நன்றாக அலறினான், நான் பழகியதைவிட நன்றாக. என் பெயரைச் சொல்லித்தான் அலறினான். என்னைக் கேலி செய்கிறான் என்று நினைத்து வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். மரமுதலையின் கயிற்றைப் பிடித்திருந்தவன்கூடச் சிரித்தபடியே இழுத்தான். தண்ணீர் நிறம் மாறிய பிறகுதான் மற்றவர்கள் கரைக்கு ஓடினார்கள். நான் பாறையிலிருந்து குதித்தேன். என் கைக்கு அவன் பெட்டிதான் கிடைத்தது.

ஊர் திரும்பியதும் முதலையைப் பார்க்கவில்லை என்று நம் சத்தியக் கொம்பான கிதிதுமேல் என்னைச் சத்தியம் செய்யச் சொன்னீர்கள். அதன்மேல் பொய் சொன்னவன் குடும்பத்தோடு அழிவான் என்று எனக்கும் தெரியும். அப்போது கியோகோவின் மனைவி ஸ்யோம்புவா எழுந்து நடுவில் வந்து நின்றாள்.

"வேண்டாம் பெரியவங்களே. எல்லாரும் கரைக்கு ஓடினப்ப தண்ணிக்குள்ள குதிச்சது இந்த மனுசன் ஒருத்தர்தான். இவரப் போயி சத்தியம் கேக்குறீங்களே, உங்களுக்கு நாக்கு கூசல?"

நீங்கள் விட்டுவிட்டீர்கள். நானும் வாய் திறக்கவில்லை.

இருபத்திரண்டு வருடம் ஒவ்வொரு அறுவடைக்கும் அவள் வீட்டில் ஒரு மூட்டை சோளம் இறக்கினேன். ஒவ்வொரு தடவையும் எனக்குக் கஞ்சி ஊற்றிவிட்டு எதிரே உட்காருவாள்.

"படத்துல எப்படியிருக்காரு?"

"சிரிக்கிறான்."

"பல்லு தெரியுதா?"

"தெரியுது, தங்கச்சி."

அவள் முகத்தை மூடிக்கொள்வாள். நைரோபிக்கு வந்து பார்க்க மட்டும் அவளுக்குத் தைரியம் வரவில்லை. இந்த மழைக்காலத்தில் அவளும் போய்விட்டாள். இனிமேல் நடுவில் வந்து நிற்க ஆள் இல்லை. கிதிதுவை எடுத்து வாருங்கள், அதன்மேல் கைவைத்துச் சொல்கிறேன். முதலையைப் பார்த்தேன். முதலை என்று தெரிந்தே தட்டவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்தப் படத்தில் கியோகோ இல்லை. அவன் வந்த இடத்தையெல்லாம் வெட்டிவிட்டு, வேறு யாரையோ வைத்து எடுத்துச் சேர்த்திருந்தார்கள். அது முதல் தடவையே எனக்குத் தெரிந்துவிட்டது. துரை ஆற்றைப் பார்க்கும் இடத்தில் மட்டும் அந்தக் கரும்பாறை தூரத்தில் வரும். அதன்மேல் கம்பை ஓங்கியபடி ஒரு சின்ன உருவம் நிற்கும். கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். முகம் தெரியாது. ஆனால் கை கொஞ்சமும் ஆடவில்லை.

நன்றாகத்தான் நின்றிருக்கிறேன்.