கறுப்பு வெள்ளையில் தெரியாதது

புனே லோக்கலில் சிவாஜிநகரில் ஏறி என் எதிரே உட்கார்ந்த அம்மாள், அந்தப் பெட்டியில் யாருக்கும் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில் சத்தமாகவே கேட்டார்.

"கறுப்பு வெள்ளையிலயே பாருங்க, கலருக்கு மாத்தாதீங்கன்னு பெத்த பொண்ணு ஏங்க சொல்லணும்?"

பக்கத்தில் உட்கார்ந்த கணவரின் கையில் ஒரு வீடியோ கேசட் இருந்தது.

"அவ அமெரிக்காவுல எடுத்தது என்டிஎஸ்சி. நம்ம டிவி 'பால்'ங்கற வேற சிஸ்டம். மாத்தினாத்தான் கலர் வரும். வீண் செலவுன்னு நெனச்சிருப்பா."

"செலவைப் பத்தி அவ என்னிக்குக் கவலப்பட்டா? வீடியோவுல கழுத்துல கெடக்கறதச் சட்டைக்குள்ள தள்ளி விட்டுக்கிட்டேல்ல பேசுறா."

"மெல்லிசா ஒரு சங்கிலி. அதுக்குப் போயி..."

"கடைக்காரன் மாத்தினதப் போட்டுக் காட்டினப்ப நீங்க மட்டும்தானே உள்ள இருந்தீங்க? கலர்ல பாத்தீங்கல்ல?"

"பாத்தேன். நல்லா வந்திருக்கு."

"சங்கிலியா, மஞ்சக் கயிறா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு சட்டென்று எழுந்து நின்றார்.

"எந்திரி, ஆகுர்டி வந்துருச்சு."

அம்மாள் எழவில்லை. கேசட்டை அவர் கையிலிருந்து வாங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"அடுத்த ஸ்டேஷன் கட்கியே இன்னும் வரல. உக்காருங்க."