சாக்பீஸ் அம்பு

ஒரு வாரமாக இடுப்பு ஒடிந்துகொண்டிருந்தது. குனிந்தால் நிமிர முடியாது. யூரல் மலைப்பக்கம், டைட்டானியத்தைத் தகடாக உருட்டும் எங்கள் ஆலையில் செப்டம்பர் என்றாலே அப்படித்தான். பாதி ஆட்களை அரசுப் பண்ணைக்கு உருளைக்கிழங்கு தோண்ட அனுப்பிவிடுவார்கள். உருட்ட வேண்டிய டன் மட்டும் குறையாது.

எங்கள் தகட்டுக்கு ஒரு குணம். ஒரே திசையில் உருட்டிக்கொண்டே போனால் உள்ளே படிகமெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். அப்புறம் நீளவாக்கில் மடங்கும், குறுக்குவாக்கில் வெடிக்கும். அதனால் நடுவில் தகட்டைக் கால் வட்டம் திருப்பிப் போட வேண்டும். பழுக்கக் காய்ந்த தகடு. இடுக்கியோடு நாலு பேர் வேண்டும். அன்றைக்கு இரண்டு பேர்தான். ஆறு தகடுகளைத் திருப்பாமலே விட்டேன். உலையில் பதப்படுத்தும்போது சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டேன். உலை இறுக்கத்தைத் தளர்த்தும், சாய்ந்ததை நிமிர்த்தாது. பத்தொன்பது வருஷம் உருட்டியவனுக்கு அது தெரியும்.

சதுரமாக அறுத்த தகட்டில், உருட்டிய திசையைச் சாக்பீஸ் அம்பு போட்டுக் காட்டுவோம். சோதனைக்கூட ரிம்மா அம்புக்குக் குறுக்கே துண்டு வெட்டி மடக்கிப் பார்ப்பாள். ஆறு அம்பையும் துடைத்துவிட்டு, கால் வட்டம் மாற்றிப் போட்டேன்; அவள் குறுக்கே என்று வெட்டுவது நீளவாக்காகிவிடும்.

“வேன்யா அண்ணே, அம்பு ஒழுங்கா இருக்கா, இல்ல ஊத்திக்கிட்ட கையால கிறுக்கினதா?”

“உன்னைப் பொண்ணு பாக்க வந்தவன் முழியைவிட நேராத்தான் இருக்கு. வெட்டு.”

சிரித்துக்கொண்டே வெட்டினாள். துண்டுகள் அழகாக மடங்கின. முத்திரை குத்தினாள்.

அந்தத் தகடுகளை வளைத்து ஒரு ரசாயன ஆலைக்கு அமிலத் தொட்டி செய்தார்கள். நாலாம் மாதம் வளைவில் பிளந்தது. கீழே மூன்று பெண்கள் நின்றிருந்தார்கள். அவர்களுக்கு என்ன ஆனது என்று விசாரணையில் வாசித்தபோது நான் புகைக்க வெளியே போய்விட்டேன்.

சாட்சிக்கூண்டில் என்னைக் கேட்டார்கள், எந்த வாக்கில் வெட்டுவது என்று பார்ப்பது யார் வேலை என்று. ரிம்மாவின் வேலை என்றேன். அது பொய் இல்லை. அவளுக்கு ஐந்து வருஷம் போட்டார்கள்.

அவள் இருந்த கைதி முகாமுக்கு மாதாமாதம் தேயிலையும் சர்க்கரையும் அனுப்பினேன். யாரும் சொல்லி அனுப்பவில்லை. திரும்பி வந்தவள், முன்பல் இல்லாத வாயோடு, “ஆலையில என்னை மறக்காதவரு நீங்க ஒருத்தர்தான் அண்ணே” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். பரவாயில்லம்மா என்றேன்.

சொல்லிவிடலாம் என்று இரண்டு தரம் அவள் வாசல்வரை போனேன். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. அவள் சந்தோஷத்தை ஏன் கெடுக்க வேண்டும் என்று, அவளுக்காகத்தான், திரும்பிவிட்டேன்.

ஆலைக் கதைகளைக் கேட்டு எழுத வந்த உங்களிடம் சொல்லியாயிற்று, ஐயா. எழுதிக்கொள்ளுங்கள். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. ரிம்மாவுக்கு நான் ஐந்து வருஷம் பாக்கி. தேயிலை அதில் சேராது.