சத்தம் போடாத பிழைகள்

ஒருவருக்குக் கணினியில் உதவி செய்யும்போது அவருடைய விசைப்பலகையை நாம் தொடக்கூடாது. பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, வாயால் மட்டும் சொல்ல வேண்டும். தட்டியது அவர்களுடைய விரலாக இருந்தால்தான் கற்றுக்கொண்டதும் அவர்களுடையதாக இருக்கும். எங்கள் ஆபீஸில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள் மேடம். அவர்கள் கண்ணெதிரில் நான் ஒரு எழுத்தைக்கூடத் தட்டியதில்லை என்பார்கள்.

நீங்கள் நிர்வாகப் பிரிவிலிருந்து வந்திருக்கிறீர்கள். அதனால் எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மருத்துவமனைகளுக்கு வலைத்தளம் செய்து கொடுக்கிறோம். நோயாளிகள் முன்பதிவு செய்வார்கள், இன்றைக்கு யார் யார் வருகிறார்கள் என்று மருத்துவர் பார்த்துக்கொள்வார். இதையெல்லாம் நாங்கள் அஸ்திவாரத்திலிருந்து எழுதுவதில்லை. ஃப்ரேம்வொர்க் என்று ஒன்று உண்டு. தூணும் கூரையும் குழாயும் ஏற்கெனவே போட்டுவைத்த வீடு மாதிரி. சுவர் எழுப்பி வண்ணம் அடிப்பது மட்டும்தான் நம் வேலை. எல்லாரும் அதே தூண்களுக்கு நடுவில் நடமாடுவதால் எல்லாரும் அதே இடத்தில்தான் தலையை இடித்துக்கொள்வார்கள்.

அப்படி இடித்துக்கொள்வதில் இரண்டு விதம். படிவத்தில் புதிதாக ஒரு கட்டத்தைச் சேர்த்துவிட்டு டேட்டாபேஸுக்குச் சொல்ல மறந்தால், திரை முழுக்கச் சிவப்பு எழுத்தில் திட்டு விழும். அது நல்ல பிழை. எந்தக் கோப்பில், எந்த வரியில் என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும். இன்னொரு விதம் சத்தம் போடாது. பட்டியலில் இரண்டு சொற்களுக்கு நடுவே ஒரு கமா விட்டுப்போனால் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாகிவிடும். பக்கத்தை வரைகிற கோப்பில் ஒரு பெயரை எழுத்துப் பிசகி எழுதினால், எங்கள் ஃப்ரேம்வொர்க் ஏன் என்று கேட்காது. அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். எழுதியவர் முதலில் கணினியைச் சந்தேகப்படுவார், பிறகு தன் கண்ணை, அப்புறம் தன்னையே.

அந்த நேரத்தில்தான் என்னைக் கூப்பிடுவார்கள். ஆபீஸில் எனக்கு ஆம்புலன்ஸ் என்று பட்டப்பெயர். நக்கலடிப்பதற்கென்றே பிறந்த ஒருவன் எங்கள் வரிசையில் இருக்கிறான், அவன் வைத்த பெயர். எனக்கு அதில் வருத்தமில்லை. காலையில் கண்ணை மூடி நிற்கும்போது நான் கடவுளிடம் பொன்னும் பொருளும் கேட்பதில்லை. இன்றைக்கு யாராவது ஒருவருக்கு உபயோகமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்பேன். என் மனைவிக்கு இது பிடிக்காது. "உங்களுக்கு எப்பவும் யாராவது கால் உடைஞ்சு கிடக்கணும். எல்லாரும் எழுந்து நடந்துட்டா உங்களுக்குச் சோறு இறங்காது" என்பாள். கோபத்தில் சொல்வதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

தங்கச்சி வேலைக்கு வந்தபோது அவளுக்குப் பக்கத்து இருக்கை என்னுடையது. தங்கச்சி என்பது நான் கூப்பிடும் பெயர். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. குழந்தை பிறந்ததும் வேலையை விட்டவள், பல வருடம் கழித்துத் திரும்பி வந்திருந்தாள். அதற்குள் எல்லாமே மாறிப்போயிருந்தது. கணவரோடு அவள் இல்லை. மகள் கணவர் வீட்டில், நாத்தனார் பொறுப்பில் வளர்ந்தாள். "வேலை நிரந்தரமாகட்டும், பாப்பாவ உன்கூட அனுப்பிடறோம்னு சொல்லியிருக்காங்கண்ணா" என்று வந்த வாரமே என்னிடம் சொன்னாள். அவளுக்கு வேறு ஆசையே இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் அந்தக் குழந்தை போன் செய்யும். இவள் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு ஓடுவாள். திரும்பி வரும்போது முகம் கழுவிவிட்டு வந்தவள் மாதிரி இருப்பாள்.

முதலில் எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கூப்பிட்டாள். "அண்ணா, கொஞ்சம் வர்றீங்களா?" நாற்காலியை இழுத்துக்கொண்டு போவேன். கையை மடியில் வைத்துக்கொள்வேன். நல்ல புத்திசாலி. ஒரு தடவை சொன்னதை மறுதடவை சொல்ல வேண்டியதில்லை. அதனால் சீக்கிரமே கூப்பிடுவது குறைந்தது. "நானே கண்டுபிடிச்சிட்டேண்ணா" என்று ஒருநாள் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். நான் மகிழ்ந்தேன். உண்மையாகவே மகிழ்ந்தேன். அதன்பிறகு காட்டுவதும் நின்றது. பிறகு புதிதாகச் சேர்ந்தவர்கள் எழுந்து என்னைத் தாண்டிப்போய் அவளிடம் சந்தேகம் கேட்டார்கள். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தாள், நான் சொல்லிக்கொடுத்தது போலவே.

எல்லாம் தன்னால் முடியும் என்ற நினைப்பு ஒருவருக்கு நல்லதல்ல மேடம். அது மனிதரைக் கடவுளிடமிருந்தும் மற்றவர்களிடமிருந்தும் பிரித்துவிடும். அவளுக்கு அது வந்துவிடுமோ என்று எனக்குக் கவலையாக இருந்தது.

ஒரு பிற்பகல் அவள் போனை எடுத்துக்கொண்டு படிக்கு ஓடினாள். திரையைப் பூட்டாமல் போயிருந்தாள். பூட்டிவைக்கத்தான் நான் எழுந்தேன். அவள் எழுதிக்கொண்டிருந்த பட்டியல் திறந்தபடி இருந்தது. அதில் ஒரு கமாவை எடுத்தேன். எதையும் சேர்க்கவில்லை. எடுத்தேன், அவ்வளவுதான்.

அவள் வந்து, தேடி, தவித்து, கடைசியில் "அண்ணா" என்றாள். எவ்வளவு நாள் ஆகியிருந்தது அந்தக் குரலைக் கேட்டு. அவளையே வரி வரியாகப் படிக்கச் சொன்னேன், அந்த இடம் வந்ததும் இருமினேன். அவளாகவே கண்டுபிடித்தாள். "நீங்க இல்லன்னா என் கதி என்னண்ணா" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். அன்று வீட்டில் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

எனக்கென்று சில கட்டுப்பாடுகள் வைத்துக்கொண்டேன். நோயாளிகளுக்குத் தீங்கு வரும் எதையும் தொடக்கூடாது. தேடினால் கிடைக்கிற பிழையாக இருக்க வேண்டும். அவளை வெகுநேரம் தவிக்க விடக்கூடாது. இவற்றில் ஒன்றையும் நான் மீறியதில்லை. கொஞ்ச நாளில் அவளே தன் கடவுச்சொல்லையும் கொடுத்துவிட்டாள். "நான் இல்லாதப்ப ஏதாவது உடைஞ்சா நீங்களே பாத்துக்கோங்கண்ணா." நான் கேட்கவில்லை.

ஒரே ஒரு தடவை நக்கல்காரன் சொன்னான்: "என்ன ஆம்புலன்ஸண்ணே, இப்பல்லாம் ஆக்ஸிடென்ட் ஆகறதுக்கு முன்னாடியே வந்து நிக்கிறீங்க?" எல்லாரும் சிரித்தார்கள். தங்கச்சியும் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

எந்தக் கோப்பை யார் மாற்றினாலும் எங்கள் கணினியில் பெயரோடு பதிவாகும். அவளுடைய இருக்கையிலிருந்து செய்தால் அவள் பெயர்தான் விழும். அதை அவள் பார்க்க ஆரம்பித்தாள். "நான்தான் மாத்தியிருக்கேண்ணா. ஆனா மாத்தின ஞாபகமே இல்ல." தூக்கம் சரியில்லை என்றால் அப்படித்தான் இருக்கும் என்றேன். செய்ததை மூன்று தடவை சரிபார்த்தாள். உள்ளங்கையில் பேனாவால் குறித்துக்கொண்டாள். மாடிப்படிக்குப் போகும்போது குழந்தையோடு பேசிக்கொண்டே திரும்பித் திரும்பித் தன் மேஜையைப் பார்த்தாள். ஒருநாள் மெல்லச் சொன்னாள்: "எங்கம்மாவுக்குச் சின்ன வயசுலயே மறதி வந்துடுச்சுண்ணா. கடைசில என் பேரே அவங்களுக்குத் தெரியல. எனக்கும் அதுவா இருக்குமோ?"

அப்போதே நான் நிறுத்தியிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஆனால் பயந்து போயிருக்கிற ஒருத்தியை அந்த நேரம் பார்த்துத் தனியாக விட எனக்கு மனம் வரவில்லை.

அவளுடைய நாத்தனார் ஒருநாள் ஆபீஸுக்கு போன் செய்தார். அவளோடு நெருக்கமானவன் என்று வரவேற்பில் இருந்தவர்கள் என்னிடம் கொடுத்தார்கள். "குழந்தைய அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேக்கலாம்னுதான். அவ நல்லா இருக்காளா?" என்றார். நான் பொய் சொல்வதில்லை. "ரொம்ப நல்ல பொண்ணும்மா. கொஞ்ச நாளா மறதி ஜாஸ்தியா இருக்கு. அடுப்ப அணைச்சோமா இல்லையான்னே பயப்படறா. பாப்பா இன்னும் கொஞ்ச காலம் உங்ககிட்ட இருந்தா அவளுக்கும் பாரம் குறையும்" என்றேன். அந்த அம்மாள் எனக்கு நன்றி சொன்னார். தங்கச்சிக்காக அன்று வெகுநேரம் பிரார்த்தனை செய்தேன்.

அவளுடைய வேலையை நிரந்தரமாக்குவதற்கு முன் ஒரு மருத்துவமனையின் தலைமை மருத்துவர் வந்து அவள் செய்த பக்கங்களைப் பார்ப்பதாக ஏற்பாடு. அன்று காலை, பக்கத்தை வரைகிற கோப்பில் ஒரு பெயரில் ஒரு எழுத்தை மாற்றிவைத்தேன். ஒத்திகை பார்ப்பாள், பதறுவாள், என்னைக் கூப்பிடுவாள், சரிசெய்துகொண்டு தைரியமாக உள்ளே போவாள் என்று கணக்குப் போட்டேன். ஆனால் முந்தின நாளே மூன்று தடவை சரிபார்த்துவிட்டதால் இனிப் பார்த்தால் பயம்தான் வரும் என்று அவள் பார்க்கவேயில்லை. கூட்ட அறையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, அவள் கண்ணில் படும்படி நான் நின்றேன். பெரிய திரையில் நோயாளிகளின் நேரம் வந்தது, வயது வந்தது, பெயர் இருக்க வேண்டிய இடமெல்லாம் வெள்ளையாக இருந்தது.

"என்னம்மா, இவங்களுக்கெல்லாம் பேரே வைக்கலையா?" என்றார் மருத்துவர். நல்ல மனிதர், சூழ்நிலையை இலகுவாக்கத்தான் சொன்னார். மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். கூப்பிட்டிருந்தால் உள்ளே போயிருப்பேன். கூப்பிடவில்லை. "நான் எழுதினதுதான் சார். எனக்கு இப்பல்லாம் எதுவும் ஞாபகம் நிக்கறதில்ல" என்றாள்.

தலையை ஸ்கேன் எடுக்க லீவு போட்டாள். துணைக்கு என்னைக் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். நக்கல்காரன் போயிருக்கிறான், அவளுடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருக்கிறான். அவள் பயத்தில் அசைந்துகொண்டே இருந்ததால் மயக்க ஊசி போட்டார்களாம். மாலையில் ஆட்டோவில் கூட்டிப்போய் வீட்டில் விட்டானாம். அவனுக்கு இதெல்லாம் தோன்றும் என்று யார் நினைத்தார்கள்.

அன்றைக்கு அவள் நாற்காலி காலியாக இருந்தது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. மறுநாள் சோர்ந்து வருவாள், சின்னதாக ஒரு பிழையை இரண்டு பேரும் சேர்ந்து சரிசெய்தால் உற்சாகம் வரும் என்று நினைத்தேன். அவள் கணினியைத் திறந்து ஒரே ஒரு வரியைத் தொட்டேன்.

மறுநாள் ரிப்போர்ட்டோடு வந்தாள். தலையில் எந்தக் கோளாறும் இல்லை என்று எழுதியிருந்தது. நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன். அவள் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. "வியாதின்னா மருந்து இருக்கும்ணா. ஒண்ணுமில்லன்னா அப்ப நானே இப்படித்தானா?" என்றபடி கணினியைத் திறந்தாள். பிழையைப் பார்த்தாள். யார் மாற்றியது என்று பார்த்தாள். முந்தின நாள் தேதி, பிற்பகல் நேரம், அவள் பெயர்.

தேதியை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, ஒரு குழந்தை கேட்பது போலக் கேட்டாள்: "அண்ணா, நேத்து நான் இங்க வந்தேனா?"

நான் பொய் சொல்வதில்லை என்று சொன்னேன் அல்லவா. "நான் பாக்கலம்மா" என்றேன்.

சாயங்காலத்துக்குள் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டாள். மாடிப்படியில் நின்று போனில் நாத்தனாரிடம் பேசியது எனக்குக் கேட்டது. "பாப்பா உங்ககிட்டயே இருக்கட்டும் அண்ணி. நான் அவள எங்கயாவது விட்டுட்டு மறந்து வந்துட்டேன்னா?" என்றாள்.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். நக்கல்காரன் அன்று காலைதான் வெளியூர் வாடிக்கையாளர் இடத்துக்குச் சில வார வேலையாகப் போயிருந்தான். திரும்பி வந்து விஷயம் கேள்விப்பட்டதும் மேலாளர் மேஜைக்குப் போய், "ஸ்கேன் எடுத்த அன்னிக்குப் பூரா அவ என் கண்ணு முன்னாடி மயங்கிக் கிடந்தா சார், எப்படி இங்க வந்து தட்டுவா?" என்று சத்தம் போட்டிருக்கிறான். அதனால்தான் நீங்கள் இங்கே வந்திருக்கிறீர்கள். சுற்றி வளைக்க வேண்டியதில்லை மேடம். கமாவும் நான்தான், எழுத்தும் நான்தான், அந்தப் பிற்பகலும் நான்தான். அவள் செய்ததாக இருக்கும் பிழைகளில் ஒன்றுகூட அவளுடையதல்ல. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைப் போய்ப் பார்க்கிறேன். பழம் வாங்கிப் போவேன். அவள் இப்போது கணினியைத் தொடுவதில்லை. கரண்ட் பில்லைக்கூட நான்தான் போனில் கட்டிக் கொடுக்கிறேன். கதவைப் பூட்டினோமா என்று என்னிடம்தான் கேட்கிறாள். குழந்தை போன் செய்தால் தப்பாக ஏதாவது பேசிவிடுவோமோ என்று சில நாள் எடுப்பதில்லை.

இன்று அவளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லப் போவதாகச் சொல்கிறீர்கள். சொல்லுங்கள், நான் தடுக்கவில்லை. ஒரே ஒரு வேண்டுகோள்தான். அவளைத் தனியாக வைத்துச் சொல்லிவிடாதீர்கள், நானும் பக்கத்தில் இருக்கும்போது சொல்லுங்கள். கேட்டதும் அவள் உடைந்து போவாள். அப்போது அவளுக்கு ஆறுதல் சொல்ல என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?