கம்பியை விடாமல் ஓடிய ஓட்டம்

என்னை எல்லாரும் ஏணியக்கா என்றே கூப்பிடுவார்கள். வயது ஐம்பத்து நான்கு. கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பது தொழில். பேருந்துப் பணிமனைக்குப் பின்புறம் உள்ள குடியிருப்பில், மூன்றாம் மாடியில், கணவருடன் வசிக்கிறேன். எங்கள் குடும்ப டாக்டரம்மா மீது என் அண்ணன் கொடுத்த புகார் தொடர்பாக இன்று காவல் நிலையத்தில் ஆஜராகி, யாரும் தூண்டாமல் சொல்வதாவது:

சில மாதங்களாக ஏணி ஏறினால் நெஞ்சைப் போட்டு அழுத்தும், இறங்கி உட்கார்ந்தால் விட்டுவிடும். வாயுத்தொல்லை என்று நானே முடிவு கட்டி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அதன் பிறகு விஷயம் தெரிந்த அண்ணன் பதறிப்போய், ஒரு பரிசோதனை நிலையத்துக்கு என்னைக் கூட்டிப்போய் டிரெட்மில்லில் ஓடவிட்டார். ரிப்போர்ட் நார்மல். சொந்தக்காரர் ஒருவரையும் விடாமல் எல்லாருக்கும் அண்ணன் போன் போட்டு அதைச் சொன்னார்.

அதன் பிறகும் வலி வந்ததால் டாக்டரம்மாவிடம் போனேன். வலி எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்று விசாரித்தவர், ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, ஓடும்போது கையை எங்கே வைத்திருந்தேன் என்று கேட்டார். "கம்பியைத்தான் இறுக்கிப் பிடிச்சிருந்தேன். காலம் பூரா ஏணியில நிக்கிறவ, பிடியை விடுவேனா?" என்றேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பாரத்தைக் கை தாங்கியதால் இதயத்துக்குப் போதிய வேலையே இல்லை, அந்த நார்மலை நம்ப முடியாது என்றார். மறுபடி ஓடவிடுவதைவிட இதய ரத்தக்குழாயையே சி.டி. ஸ்கேனில் பார்த்துவிடலாம் என்று சொல்லி, மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்.

நல்லா இருப்பவளைப் பயமுறுத்தி ஏமாற்றுகிறார் என்று அண்ணன் புகார் கொடுத்தது இதற்குத்தான். என் மேல் அவருக்கு உயிர். அவசர புத்தி, அவ்வளவுதான். ஆனால் கிளினிக்கை இழுத்து மூடிவிடுவார்களோ என்று பயந்தேன்.

அதன் பிறகு அண்ணனோடு மல்லுக்கட்டி ஸ்கேன் எடுத்தேன். முக்கியமான குழாயில் நூல் அளவு வழிதான் மிச்சமிருந்தது. ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்தார்கள். வார்டு வாசலில் அண்ணன், "நானே உன்னைக் கொன்னிருப்பேனேடி" என்று தேம்பித் தேம்பி அழுதார். புகாரைத் திரும்பப் பெற அவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

டாக்டரம்மா மேல் எந்தத் தப்பும் இல்லை. ஓடும்போது கை எங்கே இருந்தது என்று அவர் கேட்டதால்தான் நான் உயிரோடு நிற்கிறேன். இந்த நிலையத்தின் மாடிப்படியை இன்று கைப்பிடியைத் தொடாமல், எங்கும் நிற்காமல் ஏறி வந்தேன். எனக்குப் பின்னால் வந்த, இதை எழுதும் காவலர் ஐயாதான் நடுவில் நின்று நெஞ்சைத் தடவிக்கொண்டார். அதை எழுத வேண்டாம் என்கிறார். எழுதியே ஆகணும் என்றேன்.

வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, ஒரு சொல்லும் பொய்யில்லை.

(ஒப்பம்) ஏணியக்கா

பதிவு செய்தவர்: தலைமைக் காவலர். கிளினிக் விலாசம் குறித்துக்கொள்ளப்பட்டது.