தேங்காய் விழும் விதம்

— ரெண்டு டிஸ்கெட்டையும் மாத்தி மாத்தித் தூக்கிப் பாத்தது போதும் சார். எதக் கட்டட்டும்? மொதலாளி தவுக்கே பசியாறிட்டுக் கடைக்கு வர்றதுக்குள்ள நான் பில்லு எழுதணும்லா.

— பௌதிகக் கேள்வி உள்ள டிஸ்கெட்டைக் கட்டும், அப்பாவு. இதில கதைக்க ஒண்டும் இல்லை.

— இருக்கு. அப்பாவு அண்ணே, பேனாவக் கீழ வைங்க.

— நவமணி, டியூஷன் வகுப்புக்குத் தலைவர் நானோ, நீரோ?

— நீங்கதான் சார். ஆனா சனிக்கிழமையானா அந்தப் பிள்ளைங்களோட உக்கார்றது நான். ரப்பர்த் தோட்டத்தத் துண்டு போட்டு வித்துட்டான், லகாட்டுல ஈயச் சுரங்கத்த மூடிட்டான். அப்பனும் ஆத்தாளும் பேக்டரிக்குப் போறாங்க, பிள்ளைங்க பஸ் ஏறி ஈப்போவுக்கு வருதுங்க. சங்கம் குடுத்தது ஒரு கம்ப்யூட்டர், வாங்கச் சொன்னது ஒரே ஒரு டிஸ்கெட்டு. அதுலயும் கேள்வி கேட்டு மார்க்குப் போடுறத வாங்கினா, பள்ளிக்கூடத்துல வாங்குற அடி பத்தாதா?

— சோதினைக்கு மார்க்குத்தான் வேணும். படம் கீறினதுக்கு ஆரும் சேர்ட்டிபிகேட் தரமாட்டான்.

— வெறும் படம் இல்ல சார், அசையற படம். சாமான் எங்கேருந்து விழுது, அடுத்த படத்துல எம்புட்டுத் தள்ளி வைக்கணும்னு பிள்ளையே யோசிக்கணும். தப்பா வச்சா கண்ணுக்கே தெரிஞ்சிரும்.

— எனக்கு நீர் படிப்பிக்கிறீர். நல்லது.

— நான்தான் ரெண்டையும் ஒரு மாசம் சும்மா எடுத்துட்டுப் போகச் சொன்னேனே. பாத்துட்டு ஒரு முடிவோட வருவீங்கன்னு நெனச்சேன். இப்படிக் கடையில வந்து மல்லுக்கு நிப்பீங்கன்னு யாரு கண்டா?

— பார்த்தாச்சு, அப்பாவு. என்ர மகள் சரோஜா, இவவின்ர வகுப்பில வந்து இருந்துதான் செய்தவள். கேள்வி டிஸ்கெட்டில ஒரு பிழை விடேல்லை. விழுற பொருளின்ர வேகம், அந்த வேகம் கூடுற ஆர்முடுகல், எல்லாம் அவளுக்குத் தண்ணிபட்ட பாடு. இவவின்ர மற்றப் பிள்ளையள் கேள்வியைக் கண்டவுடன முழிக்குதுகள்.

— பள்ளிக்கூடத்துல மலாய்ல படிக்குதுங்க சார். அந்த டிஸ்கெட்டு இங்கிலீசுல கேக்குது. முழிக்காம என்ன செய்யும்?

— சாட்டுச் சொல்லாதேயும். சிலதுகளுக்கு சயன்ஸ் வராது. அவ்வளவுதான்.

— பள்ளிக்கூடத்துல இதே வாயாலதான என்னையும் சொன்னீங்க. மூணாம் பாரத்துப் பரிச்சையில நான் பாஸ் பண்ணியும், ஆர்ட்ஸுக்குப் போகட்டும்னு எழுதிவிட்டீங்க. எங்கப்பா இராமசாமி உங்க வீட்டு வாசல்ல வந்து நின்னு கெஞ்சினாரு. மனுசன உக்காருன்னுகூட ஒரு வார்த்த சொல்லல நீங்க. எனக்கு இன்னும் வயிறு எரியுது சார்.

— நான் தோட்டத்தில கணக்கெழுதின கிராணியாற்ற மகன் எண்டு சொல்ல வாறீர். சொல்லும்.

— சொல்லித்தான் தெரியணுமா? உங்கப்பா விடியக்காலையில பெரட்டுக்களத்துல வேலைக்கு ஆளெடுக்கப் பேரு கூப்பிட்டாரு, எங்க தாத்தா கையக் கட்டிக்கிட்டு நின்னாரு. நீங்க வகுப்புல பேரு கூப்பிட்டீங்க, நாங்க நின்னோம். இந்தப் பிள்ளைங்களும் அப்படியே நிக்கணுமா?

— அக்கா, சபார்லா, கொஞ்சம் பொறுங்க. கடை முன்னால ஐந்தடி நடையில ஆளுங்க நின்னு பாக்குறாங்க.

— பாக்கட்டும். இந்தாங்க அண்ணே, இதக் கம்ப்யூட்டர்ல போடுங்க. போன சனிக்கிழம வகுப்புல ஒரு பிள்ள செஞ்சது. சார் கண்ணால பாக்கட்டும்.

— போட்டேன்... அட, தென்ன மரம். தேங்கா விழுதுலா. நல்லாத்தான இருக்கு.

— நல்லா இருக்கோ? திரும்பப் போடும். மெல்ல விடும். இந்தா பாரும் நவமணி. மேல எவ்வளவு இடைவெளியோ, கீழயும் அதே இடைவெளி. விழுற சாமான் வர வர வேகம் எடுக்கும். இந்தத் தேங்காய் லிஃப்டில ஏறி நிண்டு இறங்குது.

— ஆமா சார். தப்புதான்.

— ஏன் பிழை எண்டும் சொல்லுறன், கேளும். ரப்பர் மரத்தைப் பார்த்து வளர்ந்த கண் இது. மரத்துக்கு மரம் ஒரே தூரம், நிரைக்கு நிரை ஒரே தூரம். தேங்காயையும் அப்பிடியே நட்டு வைச்சிருக்கு. நான் படிப்பிச்ச காலம் முழுக்க இந்த மண்டையளோடதான் மாரடிச்சனான்.

— சரி. இத வரஞ்ச பிள்ளைய என்ன செய்யலாம்?

— பௌதிகத்தில இருந்து எடுத்துவிடும். தாய் தேப்பனைக் கூப்பிட்டு, மூஞ்சிக்கு நேர சொல்லிப்போடும். இதுக்கு வராது, தையலோ டைப்போ பழகட்டும் எண்டு.

— யோசிச்சுத்தான் சொல்றீங்களா? அப்பாவு அண்ணன் சாட்சி.

— என்னய ஏன்க்கா இழுக்குறீங்க?

— யோசிக்க என்ன கிடக்கு? ஒரு சொல்லும் மண்டைக்குள்ள ஏறேல்லை எண்டு அந்தத் தேங்காயே சொல்லுது.

— நான் எடுத்துவிட மாட்டேன் சார். அடுத்த சனிக்கிழமையும் அந்தப் பிள்ளைய உக்கார வைப்பேன். தேங்கா சரியா விழற வரைக்கும் அழிச்சு அழிச்சு வரையட்டும். அதுக்குத்தான் இந்த டிஸ்கெட்டக் கேட்டு உங்ககிட்டப் பேச்சு வாங்குறேன்.

— வீண் வேலை. நீர் சொல்லாட்டி நான் சொல்லுறன். ஆற்ற பிள்ளை அது? தேப்பனை வரச்சொல்லும்.

— வந்துதான் நிக்கிறாரு சார். அது உங்க சரோஜா.