ஜவுபரின் வேனுக்கு வைத்த மூச்சுக்குழாய்

— பீடிய அணை, ஜவுபர். அணைச்சுப்போட்டுக் கதை. நான் பெற்றோல் டேங்குக்குக் கீழ படுத்துக் கிடக்கிறன்.

— அணைச்சிட்டன். நீ வெளிய வா, பாக்கியம். உன்ன ஆரும் என்ட வேனுக்குக் கீழ படுக்கச் செல்லல்ல.

— ஆரும் சொல்லல்லத்தான். கல்முனையில இருந்து சைக்கிள் மிதிச்சு நானாத்தான் வந்தன். ஒரு மாசமா என்ட கராச்சுக்கு ஒரு வாகனம் வரல்ல. ஏனெண்டு தெரியாம முழிச்சுக்கொண்டிருந்தன். நேத்துத்தான் எங்கட ஊர்க் குணம் வந்து கேட்டான், பாக்கியராசா ஜவுபர்ட வேனுக்கு ஊத்தை டேங்க் போட்டு ஒரு புள்ளையச் சாகடிச்சுப்போட்டானாமே, மெய்யா எண்டு. இருவது வருசமா உன்ட வேனுக்குக் கை வெச்சவன் நான். என்னட்ட வந்து ஒரு வார்த்தை கேட்டியா?

— என்னத்தக் கேக்கிற? என்ட மச்சினிச்சி பரீனாட தலைப்புள்ள மவுத்தாப் போச்சு. வலி எடுத்துட்டெண்டு ஒலுவில்ல இருந்து கல்முனை ஆசுபத்திரிக்கு ஏத்திட்டு வாறன். என்ட பொண்டாட்டி றஹீமா அவள மடியில சாய்ச்சுப் புடிச்சிட்டிரிக்கா. காரைதீவு வயல்வெளிக்கு வந்தோண்ண எஞ்சின் இருமி இருமி நிண்டுட்டு. பட்டப்பகல். ஒரு மர நிழல் இல்ல. முக்கால் மணித்தியாலம் நிண்ட, மச்சான். அவள் கத்தின சத்தம் இன்னும் காதுக்குள்ள இரிக்கி. கொஞ்சம் முந்தி வந்திரிந்தா புள்ள தப்பியிரிக்கும் எண்டுதான் டொக்டர் சென்ன.

— கேள்விப்பட்டு நானும் ரெண்டு நாள் சோறு தின்னல்ல. புள்ளைய அடக்கின அண்டைக்கு ஜனாசாவுக்கு வந்தன், விளங்குதா? உன்ட மச்சான் ஹஸன் படலையடியில நிண்டு, நீ போ, இஞ்ச வராத எண்டான். கவலையில கதைக்கிறான் எண்டு நினைச்சுத் திரும்பிட்டன்.

— சரி, இப்ப வந்து என்னத்தத் தேடுறாய்? டேங்குக்குள்ள துருப்புடிச்சுக் கறள். அதுதான் அடைச்ச. எல்லாரும் அதத்தான் செல்றாங்க.

— எல்லாரும் சொல்லல்ல, நீ சொன்னதத்தான் எல்லாரும் சொல்றாங்க. சூறாவளியில தென்னை விழுந்து உன்ட பழைய டேங்க் அப்பளமாப் போச்சு. அம்பத்திரண்டாம் ஆண்டு வேன், கொழும்பிலயும் டேங்க் இல்ல எண்டு நீதான் வந்து தலையில கை வெச்சுக்கொண்டு நிண்ட. ஓடாமக் கிடந்த லொறியில இருந்து இதக் கழட்டிக்கொண்டு வந்து, மூண்டு நாள் தண்ணி நிரப்பி வெச்சு ஆவி போக்கி, வெயில்ல காயப்போட்டு, அதுக்குப் பொறகுதான் ஒட்டு வெச்சன். அவசரப்பட்டு நெருப்புப் புடிச்சிருந்தா நானும் போயிருப்பன், கராச்சும் போயிருக்கும். உள்ளுக்கு ஒரு பொட்டுக் கறள் கிடக்கா எண்டு நீயே லைட் அடிச்சுப் பாத்ததானே?

— பாத்தன்தான்.

— பொறகென்ன கறள்?

— அப்ப ஏன் நிண்ட? அதச் செல்லு.

— அதத்தான் பாக்கிறன். பழைய டேங்குட மூடியில ஓட்டை இருந்தது, அதால காத்துப் போய் வந்தது. இந்த மூடியில ஓட்டை இல்ல. அதுக்குத்தான் தனியா ஒரு குழாய் வெச்சன். டேங்குட உச்சியில இருந்து மேல ஏத்தி, குடைப்பிடி மாதிரி வளைச்சு, பலகைக்கு வெளிய, புகைக்குழாய்க்கு மற்றப் பக்கமா, வாய் நிலத்தப் பாக்க விட்டிருக்கன். பெற்றோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காத்துப் போகணும், விளங்குதா? போகாட்டி டேங்க் உள்ளுக்கு இழுத்துப் புடிச்சுக்கொள்ளும். எஞ்சினுக்கு ஒரு சொட்டு வராது.

— அந்தக் குழாயாலதான் நாத்தமே. இது பொம்புளைகள் ஏறுற வேன். சுத்திவரச் சீலை கட்டியிரிக்கி, ஒரு யன்னல் திறக்கிறல்ல. கலியாண ஊட்டுக்குப் போற பொண்டுகள் பாதி வழியில சத்தியெடுத்தாங்க. உடுப்பெல்லாம் மணக்குதெண்டு றஹீமாட்டத்தான் முறைப்பாடு.

— சீலை கட்டி ஓடுறாய் எண்டு தெரியும். நாத்தம் உள்ளுக்கு வருதெண்டு எனக்கு ஆர் சொன்ன? சொல்லியிருந்தா குழாய இன்னும் ரெண்டடி பின்னுக்கு நீட்டியிருப்பன். அரை நாள் வேலை. மூடிக் கட்டின இடத்தில ஆவி நிக்கப்படாது. ஒரு பொறி போதும்.

— நேரம் கிடைக்கல்ல.

— இஞ்ச கிட்ட வா. என்ட விரல மோந்து பார்.

— என்ன அது?

— மோந்து பாரன்.

— சவுக்காரம்.

— ஓம், உடுப்புத் தோய்க்கிற சவுக்காரம். குழாய்ட வாயில, உள்ளுக்கு விரல் போற தூரம் ஒட்டிக் காஞ்சு கிடக்கு. ஆரோ அடைச்சிருக்காங்க, ஜவுபர். வேன நிப்பாட்டினது இதுதான். என்ட டேங்க் இல்ல.

— ஆரு அடைச்சானெண்டு எனக்கென்ன தெரியும்? ஸ்டேண்டில என்னோட ஆகாதவன் எவனாவது செஞ்சிரிப்பான்.

— எவனோ. எனக்கு அவன் தேவையில்ல. இண்டைக்கு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிஞ்சு சனம் வெளிய வாற நேரம் பள்ளிவாசலடியில நிண்டு ஒரு சொல் சொல்லு, பாக்கியராசாட வேலையில பிழையில்ல எண்டு. ஆனைமேல ஏத்த வேணாம். அந்த ஒரு சொல் போதும்.

— இண்டைக்கு வேணாம்.

— அப்ப எப்ப?

— விடன் மச்சான். கொஞ்ச நாளையில சனம் மறந்திரும்.

— சனம் மறக்கும் மட்டும் நான் என்னத்தத் திங்கிற? வாற கிழமை கராச்சப் பூட்டிப்போட்டு கோமாரிக்குப் போறன், பெண்டாட்டிட தம்பிட வள்ளத்தில வலை இழுக்க. அம்பது வயசில, நீந்தத் தெரியாதவன். உனக்கு இது விளையாட்டாக் கிடக்கா?

— விளையாட்டில்ல. அல்லாட காவல், விளையாட்டில்ல.

— பொறு. ஒண்டு கேக்கிறன். அண்டைக்குப் பொறகு வேன் எங்கயாவது நிண்டதா?

— இல்ல.

— இந்த ஒரு மாசத்தில ஒருக்காலும்?

— இல்லயெண்டன்தானே. நேத்தும் அக்கரைப்பத்துக்குப் போய் வந்த.

— அண்டைக்கு காரைதீவில இருந்து ஆசுபத்திரிக்கு எப்பிடிப் போன?

— ஸ்டார்ட் எடுத்த, போன.

— சவுக்காரம் இருந்தாப் போகாது. மூடியத் திறந்து மூடினாலும் கொஞ்சத் தூரம் போய்த் திருப்பியும் நிக்கும். இப்ப குழாய் வெறுமையாக் கிடக்கு, ஜவுபர். நான் தோண்டல்ல. வாயில கம்பி விட்டு இழுத்த கீறல் கிடக்கு, கீறல்ல ஒரு மாசத்துக் கறள் பூத்திருக்கு. அண்டைக்குக் காரைதீவு றோட்டில இந்த வேனுக்குக் கீழ படுத்தது ஆரு?

— நான்தான்.

— அடைப்ப இழுத்தெடுத்தது ஆரு?

— நான்தான், பாக்கியம்.

— அப்ப உனக்கு அண்டைக்கே தெரியும்.

— தெரியும்.

— தெரிஞ்சுகொண்டா ஊரெல்லாம் என்ட பேரச் சொன்ன?

— ஆசுபத்திரி வாசல்ல மாமி, ஹஸன், எல்லாரும் சுத்தி நிண்டு ஏன் நிண்ட ஏன் நிண்ட எண்டு கேட்டாங்க. என்ட வாயில உன்ட பேர்தான் வந்த. நான் யோசிக்கல்ல. ஒருக்காச் சென்னாப் பொறகு அத மாத்தேலாமப் போச்சு.

— ஆர்ட பேரச் சொல்லாம விடுறதுக்கு என்ட பேரச் சொன்ன?

— அடைப்போட ஒரு துணித்துண்டும் வந்த. அந்தத் துணி எனக்குத் தெரியும். அதுக்கு மேல கேக்காத.

— ஒரே சகன் தட்டில என்னையும் இருத்திச் சோறு திண்டவன் நீ. நீ என்னை அடிச்சிருந்தாலும் தாங்கியிருப்பன். நெஞ்சு எரியுது, ஜவுபர். உனக்கு வேண்டிய ஆளக் காப்பாத்த என்ன வித்துப்போட்டாய்.

— ஓம், வித்துட்டன். ஏசு. அடி வேணுமெண்டாலும் அடி. ஆள மட்டும் கேக்காத.

— நான் கேக்கல்ல. பள்ளிவாசல் நிருவாகம் பாக்கிற மரைக்கார் கேக்கட்டும். நேராப் பள்ளியடிக்குத்தான் போறன், வந்து இந்தக் குழாயப் பாருங்க எண்டு கூட்டிக்கொண்டு வருவன். அவர் முன்னுக்கு நீ பேரச் சொல்லித்தான் ஆகணும்.

— கால்ல விழுறன் மச்சான், அது மட்டும் வேணாம்.

— சைக்கிள விடு.

— பாக்கியராசாண்ணே, முத்தத்தில நிண்டுட்டே போறதா? தேத்தண்ணி ஊத்திக் கொண்டாந்தன், குடிச்சிட்டுப் போங்க.

— றஹீமா, நீ உள்ளுக்குப் போ.

— நீங்க சும்மா இரிங்க. வந்த மனிசன வெறும் வயித்தோட அனுப்புறதா? அண்ணே, புள்ளட விசயத்தில எனக்கு உங்களோட கோவமில்ல. அல்லாஹ் எழுதின அது. பாக்கியராசாண்ண வேணுமெண்டு செய்ற ஆளில்ல எண்டுதான் தங்கச்சி பரீனாட்டயும் சென்னன்.

— அது போதும், தங்கச்சி. எனக்கு அவசரம்.

— வந்த கையோட ஒரு உதவி செஞ்சிட்டுப் போங்க. வேனுக்குள்ள திருப்பியும் பெற்றோல் நாத்தம். போன மாசம் நான் அந்த வளைஞ்ச குழாயில பழைய சீலைத்துண்டோட சவுக்காரம் அப்பி அடைச்சன், நாத்தம் நல்லா நிண்டிரிந்த. இப்ப அது எங்கயோ விழுந்துட்டு போல.

— நீங்களா அடைச்ச?

— ஓம். டேங்க் பூட்டின அண்டைக்கு இந்த முத்தத்திலதானே ஒழுக்குக்கு நீங்க சவுக்காரம் அப்பின. அதப் பாத்துத்தான் நானும் பழகின. ஏசுவார் எண்டு இவருக்கும் செல்லல்ல. ஏன் அண்ணே அப்பிடிப் பாக்கிறீங்க? நான் செஞ்சதில ஏதும் பிழையா?

— உங்கட்ட ஒரு பிழையும் இல்ல, தங்கச்சி. ஜவுபர் ஊருக்குச் சொன்னது மெய்தான். பிழை என்ட டேங்கிலதான்.